அந்தப் பூவரசைக் கொன்றது சரோஜா அல்ல

போன மாதம் உத்திரமேரூர் பேருந்து நிலையத்தில் ஒரு வேப்பமரத்துக்காகச் சண்டை போட்டேன். மரத்தைச் சுற்றிச் சிமெண்ட் கல் பதித்துக்கொண்டிருந்தார்கள். அடிமரத்தோடு ஒட்டி, விரல் நுழைய இடம் விடாமல். மேஸ்திரியைக் கூப்பிட்டு, சுற்றி மூன்றடியாவது மண்ணாக விடுங்கள் என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“நீ போய் பஸ் ஏறுமா. இன்னாத்துக்கு பேஜார் பண்ணிக்கினு கீற? மரத்தப் பத்தி உனக்கு இன்னா தெரியும்?”

வேலையில் இருந்த காலம் முழுக்க நான் மரத்தைத் தவிர வேறு எதையும் தெரிந்துகொள்ளவில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் கோபம் தணியவில்லை. என் வீட்டுக்காரர் தண்ணீர் கொடுத்துவிட்டு, “ரிட்டையர் ஆயிட்ட, இன்னும் இன்னாத்துக்கு?” என்றார். பழைய ஆபீசில் இப்போது நான் இருந்த நாற்காலியில் இருக்கும் கவிதா ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்: “அக்கா, துறைமுக ரோட்டுல நடந்தத ஆளுக்கு ஒரு மாதிரி சொல்றாங்க. நீங்களே எழுதிக் குடுங்க.” கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் மரியாதையாக எழுதத் தொடங்கிவிடுவேன். மரியாதையாக எழுதியதால்தான் இவ்வளவும் நடந்தது.

நான் காவாந்தண்டலத்துக்காரி. அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். மிஷன் பள்ளி, தோட்டக்கலையில் இரண்டு வருடப் பட்டயம், பிறகு ஒரு துறைமுக நகரத்தின் பூங்காப் பிரிவில் கள உதவியாளர் வேலை. நகரத்தின் பெயர் வேண்டாம். திங்கட்கிழமை விடிந்ததும் உத்திரமேரூரில் பஸ் ஏறினால் சனிக்கிழமைதான் திரும்புவேன். என் வீட்டுக்காரர் வாலாஜாபாத் ரைஸ் மில்லில் இருந்ததால் பிள்ளைகளை அவரே பார்த்துக்கொண்டார்.

எங்கள் பிரிவுக்கு மாகறலில், செய்யாற்றை ஒட்டிக் குத்தகைக்கு எடுத்த ஒரு நாற்றங்கால் இருந்தது. நல்ல தண்ணீர், நல்ல வண்டல். முதல் சில வருடங்கள் என்னை அங்கேதான் போட்டார்கள். புன்னங்கொட்டையை மரச் சுத்தியால் தட்டி, உள்ளே பருப்பு அடிபடாமல் ஓட்டை மட்டும் எடுக்க வேண்டும். ஓட்டோடு போட்டால் மாதக்கணக்கில் முளைக்காது. பூவரசுக்கு விதையே வேண்டாம். மணிக்கட்டுப் பருமனில் கிளையை வெட்டி, மேல் வெட்டில் சாணம் பூசி, நட்டால் துளிர்க்கும். இதற்குப் போத்து என்று பெயர். கடற்கரைக் காற்றுக்கும் உப்பு மண்ணுக்கும் இந்த இரண்டு மரங்களும் பிறந்ததிலிருந்தே பழகியவை. ஆனால் நகரத்திலிருந்து வரும் பட்டியலில் இந்தப் பெயர்கள் இருக்காது. வெளிநாட்டுப் பூமரங்களும் கூந்தல் மாதிரி இலை தொங்கும் பனைகளும்தான் இருக்கும். புயலடித்தால் பூமரங்கள் வேரோடு சாயும். அடுத்த வருடம் அதே பட்டியல் மறுபடி வரும். அந்த எரிச்சல் அப்போதே எனக்குள் இருந்தது. வெளியே சொல்ல எனக்குப் பதவி இல்லை, அவ்வளவுதான்.

மேற்பார்வையாளர் ஆனபோது துறைமுக ரோட்டை என்னிடம் கொடுத்தார்கள். துறைமுகத்தின் கிழக்கு வாசலிலிருந்து பஸ் நிறுத்தம் வரை ஒன்றேகால் கிலோமீட்டர். ஒரு பக்கம் கிடங்குகளின் மதில், மறுபக்கம் லாரிகள். நடுவில் மூட்டை தூக்குபவர்களும் மீன்கூடைப் பெண்களும் தலையில் சுமையோடு வெயிலில் நடப்பார்கள். அதில் மூன்று முறை மரம் நட்டு மூன்று முறையும் பட்டுப்போயிருந்தது. “யாருக்கும் அங்கே வராத மரம் உங்களுக்கு வருமா?” என்று கேட்டுத்தான் கொடுத்தார்கள்.

நான் முதலில் மரம் நடவில்லை. ஒரு வாரம் அந்த ரோட்டில் போய் உட்கார்ந்தேன். யார் எங்கே நிற்கிறார்கள் என்று எழுதினேன். மீன்கூடைப் பெண்கள் இரண்டாவது கிடங்கின் தூண் அருகே கூடையை இறக்கிக் கழுத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். லோடுமேன்கள் பழைய எடைமேடைக்கு எதிரே குந்துகிறார்கள். லாரி கிளீனர்கள் குழாயடியில் முகம் கழுவுகிறார்கள். பஸ்ஸுக்கு நிற்பவர்கள் நிறுத்தத்தில் நிற்பதில்லை. அதற்கு முன்னால் மதில் உடைந்து காற்று வரும் இடத்தில் நிற்கிறார்கள். முன்பு நட்டவர்கள் இருபதடிக்கு ஒன்று என்று கயிறு பிடித்து நட்டிருந்தார்கள். யாரும் நிற்காத இடத்தில் மரம் நின்றால் அதற்கு யார் தண்ணீர் ஊற்றுவார்கள்? தண்ணீர் லாரி வாரம் ஒரு முறை வரும் என்று காகிதத்தில் இருக்கும். லாரி வராது.

ஆகவே மனிதர்கள் நிற்கும் இடத்திலெல்லாம் குழி எடுத்தோம். வரைபடத்தில் பார்த்தால் பல் விழுந்த வாய் மாதிரி இருந்தது. அப்போதைய அதிகாரி தலையில் அடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார். மாகறலில் இருந்து பூவரசம் போத்தும் புன்னங்கன்றும் வந்தன. ஒவ்வொரு குழியையும் சுற்றி ஆறடிக்கு மண்ணைத் திறந்து விட்டோம், ரோட்டை விடச் சற்றுத் தாழ்வாக, மழைநீர் உள்ளே ஓடி வரும்படி.

எடைமேடைக்கு எதிர்க் குழி ஒன்பதாவது. அதன் பக்கத்தில் சரோஜா இட்லி விற்றுக்கொண்டிருந்தாள். என்னைவிட நாலைந்து வயது மூத்தவள், அக்கா என்றுதான் கூப்பிடுவேன். முதல் நாள் கடப்பாரை போட்டதும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்தாள்.

“இன்னாமா, என்னத் தூக்கறதுக்குப் பள்ளம் தோண்டறியா?”

“இல்லக்கா. உனக்கு நெழல் வைக்கிறேன். நீ தண்ணி ஊத்தறியா?”

“ஊத்தினா என்ன எவனும் நவுரச் சொல்ல மாட்டானா?”

அப்படி வாக்குக் கொடுக்கும் அதிகாரம் எனக்கு இல்லை. அவளும் மறுபடி கேட்கவில்லை. மறுநாளிலிருந்து அரிசி கழுவிய தண்ணீரை ஊற்றினாள். மாடு கடிக்காமல் இருக்கத் தன் பழைய புடவையைக் கிழித்து இரும்புக் கூண்டைச் சுற்றிக் கட்டினாள். அவளைப் பார்த்து மற்ற கடைக்காரர்களும் செய்தார்கள். எட்டு வருடத்தில் அந்த ரோட்டில் நிழல் பின்னிக்கொண்டது. பூவரசின் மஞ்சள் பூவுக்குத் தேன்சிட்டு வந்தது. மழை பெய்தால் கிழக்கு வாசலில் முழங்காலுக்கு நிற்கும் தண்ணீர் திறந்த மண்ணில் இறங்கிக் காணாமல் போனது. மழைக்கு மறுநாள் தவளைச் சத்தம் கேட்டது என்று லோடுமேன்களின் தலைவர் முனுசாமி வந்து சொன்னார். ஆள் ஓங்குதாங்காக இருப்பார். “ஆர்பர் ரோட்ல தவளை மேடம்! லாரிக்காரன் ஹாரனை நிறுத்திட்டுக் கேக்கறான்!” என்றார். என் வேலைக்கு நான் பெற்ற சான்றிதழ் அதுதான்.

அதன் பிறகுதான் செயற்பொறியாளராக வரதராஜன் வந்தார்.

அவரைப் பற்றி நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவர் ஒரு நாளும் குரலை உயர்த்தியவர் இல்லை. நாம் உள்ளே போனால் எழுந்து நிற்பார். கடைநிலை ஊழியரைக்கூட ‘வாங்க, போங்க’ என்பார். டீ வரவழைத்து, நாம் குடித்து முடிக்கும் வரை வேலையைப் பேச மாட்டார். சட்டைப் பையில் பேனா இருக்காது, கூர் சீவிய பென்சில் மட்டும் இருக்கும். கோப்பில் நாம் என்ன எழுத வேண்டும் என்பதை ஒரு துண்டுச் சீட்டில் பென்சிலால் எழுதி, கோப்புக்குள் செருகி, இரண்டு கையாலும் நீட்டுவார். நாம் அதைப் பேனாவால் கோப்பில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுக்க வேண்டும். கொடுத்ததும் சீட்டை எடுத்து, நம் கண்ணெதிரே நாலாகக் கிழித்துக் கூடையில் போடுவார். “தேங்க்ஸ்மா” என்பார். பெயர் அவருடையது அல்ல, கையெழுத்து அவருடையது அல்ல, எண்ணம் மட்டும் அவருடையது. இப்படி ஒரு மனிதரை எதிர்த்துப் பேச ஆபீசில் யாருக்கும் வாய் வராது. திட்டுகிறவரை எதிர்க்கலாம். டீ வாங்கிக் கொடுப்பவரை எப்படி எதிர்ப்பது?

துறைமுக ரோட்டை அழகுபடுத்தும் திட்டம் வந்தது. பெரிய வடிகால், இரண்டு பக்கமும் சிமெண்ட் கல் நடைபாதை, சுவரில் மீன் படம். வரைபடத்தில் ஒரு மனிதர்கூட இல்லை. மரங்கள் இருந்தன, ஆனால் அடிமரத்தை ஒட்டிக் கல். நான் போய்ச் சொன்னேன்.

“சார், வடிகாலுக்குத் தோண்டறப்ப ரோட்டுப் பக்கத்து வேர் எல்லாம் போயிடும். கல்லும் ஒட்டிப் போட்டா தண்ணி எப்படி எறங்கும்?”

“டீ ஆறுது, சாப்பிடுங்க,” என்றார். நான் குடித்தேன். பிறகு மென்மையாக, “உங்க மரத்துக்கு ஒண்ணும் ஆகாதும்மா. தோண்டறப்ப நீங்களே பக்கத்துல நில்லுங்க. இப்ப நம்மால வேலை நிக்கக் கூடாது, இல்லையா?” என்று கோப்பை நீட்டினார். உள்ளே சீட்டு. அதில் மூன்று சொற்கள்: ‘மரங்களுக்குப் பாதிப்பில்லை, ஆட்சேபணையில்லை.’

எழுதினேன். பேனாவால், என் கையெழுத்தோடு. அவர் சீட்டைக் கிழித்தார். இதை இந்தக் கட்டுரையில் மறைத்திருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் மற்றவர்கள் மேல் எனக்கு இருக்கும் கோபத்தில் பாதிக்கு மேல் அன்று அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தவள் மேல்தான்.

தோண்டும்போது என்னை யாரும் கூப்பிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை வேலையை வைத்துக்கொண்டார்கள். நான் உத்திரமேரூரில் இருந்தேன். திங்கட்கிழமை போனபோது வடிகால் பள்ளம் தோண்டி, குழாய் இறக்கி, மூடியிருந்தார்கள். ஒரு மாதத்தில் கல் பதித்து முடித்துவிட்டார்கள்.

ஒன்பதாவது பூவரசுதான் முதலில் போனது. ரோட்டுப் பக்கத்து இலைகள் பழுத்தன, பிறகு அந்தப் பக்கக் கிளைகள் காய்ந்தன. மதில் பக்கம் மட்டும் இரண்டு மாதம் பச்சையாக இருந்தது. சரோஜா ஒவ்வொரு நாளும் கல்லின் மேல் தண்ணீர் ஊற்றினாள். அது ரோட்டுக்கு ஓடியது.

“உள்ள எறங்க மாட்டேங்குதும்மா. நான் இன்னா பண்றது? கல்லப் பேத்துரட்டா?”

“பேக்காதக்கா. கேஸ் போட்டுருவாங்க.”

அவள் பேர்க்கவில்லை. ஆனாலும் கேஸ் வந்தது.

மரம் முழுக்கப் பட்டுப்போனதும் ஒரு பத்திரிகைக்காரர் படம் எடுத்துப்போனார். அழகுபடுத்திய ரோட்டில் செத்த மரம். மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டார்கள். வரதராஜன் என்னைக் கூப்பிட்டார். டீ வந்தது. நான் தொடவில்லை.

“பட்டுப்போன மரம் பத்தி உங்க ரிப்போர்ட் வேணும்மா. அந்த இட்லிக்கடை அம்மா மரத்துல ஆணி அடிச்சிருக்காங்க. கொதிக்கிற தண்ணியையும் வேருல ஊத்தறாங்களாம். நடைபாதைக் கடைகள எடுக்கறதுக்கும் இது நமக்கு உதவும்.”

கோப்புக்குள் சீட்டு தயாராக இருந்தது. வியாபாரி சரோஜா என்பவர் ஆணி அடித்ததாலும் கொதிநீர் ஊற்றியதாலும் மரம் பட்டுப்போனது. அவர் மீதும் மரங்களைச் சேதப்படுத்தும் மற்ற நடைபாதை வியாபாரிகள் மீதும் நடவடிக்கை எடுக்கலாம். அழகான, உருண்டையான கையெழுத்து.

“நான் தோண்டிப் பாத்துட்டு எழுதறேன் சார்,” என்றேன்.

“தோண்ட வேணாமே. கல் இப்பத்தானே போட்டிருக்கு.”

“பாக்காம எப்படி சார் எழுதறது?”

அவர் சிரித்தார். “போன தடவை எழுதினீங்களே.”

அந்த ஒரு வாக்கியத்துக்காக இன்றுவரை அவரை நான் மன்னிக்கவில்லை. அவர் சொன்னது உண்மை என்பதால் இன்னும் அதிகமாக.

மறுநாள் காலை பத்து மணிக்குக் கடப்பாரையோடு ரோட்டுக்குப் போனேன். மரம் பட்டுப்போனால் காரணம் பார்க்க ஒரு முறை இருக்கிறது. முதலில் பட்டை. சரோஜா தார்ப்பாய் கட்ட அடித்த மூன்று ஆணிகளும் இருந்தன. ஆனால் பட்டை வளர்ந்து அவற்றின் தலையை விழுங்கியிருந்தது. அப்படியென்றால் அவை பல வருடத்து ஆணிகள். அவற்றோடு மரம் செழிப்பாக வாழ்ந்திருக்கிறது. அடுத்து, மண்ணோடு ஒட்டிய கழுத்துப் பகுதி. கொதிநீர் பட்டிருந்தால் பட்டை வெந்து, கத்தியால் கீறினால் கறுத்துப் பிரியும். நான் நாலு பக்கமும் கீறினேன். மதில் பக்கம் உள்ளே இன்னும் ஈரம் இருந்தது. சரோஜா தண்ணீர் கொட்டுவதும் அந்தப் பக்கம்தான். கடைசியாக வேர். முனுசாமியும் இரண்டு லோடுமேன்களும் கல்லைப் பெயர்த்தார்கள். ரோட்டுப் பக்கம் இரண்டடி தோண்டியதும் தெரிந்தது. தொடைப் பருமன் வேர்கள் இரண்டு, கைப் பருமன் வேர்கள் நாலைந்து, எல்லாம் ஒரே நேர்க்கோட்டில் அறுந்து கிடந்தன. முனை சீராக இல்லை. பொக்லைன் பல் இழுத்துக் கிழித்ததில் நார் நாராகத் தொங்கியது. அவற்றுக்கு ஒரு சாண் தள்ளி வடிகால் குழாய்.

முனுசாமி அந்த வேரைக் கையால் தடவிப் பார்த்தார். “இத்த மனுசன் காலா நெனச்சிப் பாரு மேடம்,” என்றார். சரோஜா வாயைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டாள்.

அங்கேயே உட்கார்ந்து மகஜர் எழுதினேன். கண்டது, அளந்தது, சாட்சிகள். முனுசாமி கையெழுத்துப் போட்டார், ஒரு மீன்காரம்மா கைரேகை வைத்தார், எடைமேடைக் குமாஸ்தாவும் கையெழுத்துப் போட்டார். வரதராஜன் மேஜையில் வைத்தேன். அவர் முழுக்கப் படித்தார். “நல்லா எழுதியிருக்கீங்கம்மா,” என்று சொல்லி மேஜை அறைக்குள் வைத்துப் பூட்டினார். மூன்றாம் நாள் வேறொரு மேற்பார்வையாளர் கையெழுத்தில் சரோஜாதான் மரத்தைக் கொன்றாள் என்று அறிக்கை போனது. அவளுக்கு நோட்டீஸ் வந்தது.

அதை எடுத்துக்கொண்டு அவள் என்னிடம் வரவில்லை. நான் போனேன். “உங்க ஆபீஸ் பேப்பர்தான இது?” என்று மட்டும் கேட்டாள். எட்டு வருடம் தண்ணீர் ஊற்றிய கை அந்தக் காகிதத்தைப் பிடித்திருந்தது.

முனுசாமியின் ஆட்கள் மனு மேல் மனு கொடுத்ததால் உயர் அதிகாரி ஒருவர் ரோட்டுக்கே விசாரிக்க வந்தார். எல்லாரும் கூடி நின்றோம். வரதராஜன் அதிகாரிக்குக் குடை பிடித்தபடி நின்றார். நான் என் மகஜரின் நகலைக் கொடுத்து, மறுபடி தோண்டிக் காட்டுகிறேன் என்றேன். காட்டினேன். அதிகாரி குனிந்து பார்த்தார். அப்போது வரதராஜன் மிகவும் பணிவாக, “சார், தோண்டினா பாதிப்பு இல்லைன்னு இவங்கதான் நோட் போட்டாங்க,” என்று என் கையெழுத்து இருந்த தாளை நீட்டினார்.

சரோஜா என்னைப் பார்த்தாள். பென்சில், சீட்டு, டீ என்று அங்கே சொல்ல ஆரம்பித்தால் சிரிப்பார்கள். அதற்கு எந்தச் சாட்சியும் இல்லை.

“ஆமா சார்,” என்றேன். “பொய்யா எழுதினது நான்தான். அதுக்கு என்ன தண்டனையோ குடுங்க. இந்தம்மா மரத்தக் கொல்லல. என்னோட அந்தக் கையெழுத்தும் இந்தப் பள்ளமும் சேர்ந்து கொன்னுது.”

சரோஜா மீதிருந்த புகாரை விட்டுவிட்டார்கள். ஒப்பந்தக்காரர் மேல் ஒன்றும் இல்லை. வரதராஜன் மேல் ஒன்றும் இல்லை. எனக்கு ஊதிய உயர்வை நிறுத்தி, மயானங்களின் புல்வெட்டுப் பதிவேட்டைப் பார்க்கும் வேலைக்கு மாற்றினார்கள். அது நியாயம், அதற்கு நான் மேல்முறையீடு செய்யவில்லை. ஆனால் அடுத்த மாதமே ரோட்டிலிருந்த எல்லாக் கடைகளையும் எடுத்துவிட்டார்கள். நடைபாதை நடப்பதற்காம். ரயில்வே பாலத்துக்குப் பின்னால் யாரும் போகாத ஒரு இடத்தில் தகரக் கூரை போட்டு அதை வியாபார வளாகம் என்றார்கள். மனிதர்களை அப்புறப்படுத்தினால் மரங்கள் பிழைக்கும் என்று நிஜமாகவே நம்பினார்கள். படித்தவர்கள்!

இரண்டு கோடை. அவ்வளவுதான் எடுத்துக்கொண்டது. யாரும் நிற்காத ரோட்டில் யாரும் தண்ணீர் ஊற்றவில்லை. ஒவ்வொன்றாகப் பட்டுப்போயின. பட்டதைத் தரையோடு அறுத்து, அந்த இடத்திலும் கல் பதித்து மூடினார்கள். குழி இருந்ததற்கு அடையாளமே இல்லை. வாசலில் மறுபடி முழங்கால் தண்ணீர். தவளை எங்கே போனதோ. நான் மயானப் பதிவேட்டில் புல் வெட்டிய தேதிகளை எழுதிக்கொண்டிருந்தேன்.

இரண்டாம் கோடையில், ஒரு மதியம், தலையில் மூட்டையோடு வந்த முனுசாமி எடைமேடைக்கு எதிரே சுருண்டு விழுந்தார். அந்த ஒன்றேகால் கிலோமீட்டரில் அவரைக் கிடத்த ஒரு கை நிழல் இல்லை. ஒரு லாரிக்கு அடியில் இழுத்துப் படுக்க வைத்தார்களாம். பிழைத்தார், ஆனால் வலது கை விழுந்துவிட்டது. பிறகு அவர் மூட்டை தூக்கவில்லை.

மறுநாள் காலை லோடுமேன்கள் யாரும் உள்ளே போகவில்லை. கிழக்கு வாசலில் நடுரோட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். மீன்கூடைப் பெண்கள் கூடையோடு வந்து உட்கார்ந்தார்கள். பாலத்துக்குப் பின்னாலிருந்து சரோஜா தன் இட்லிக் குண்டானையே தூக்கிக்கொண்டு வந்தாளாம். லாரி வரிசை கண்ணுக்கெட்டாத தூரம் நின்றது. கூலி உயர்வு கேட்கிறார்கள் என்றுதான் அதிகாரிகள் நினைத்தார்கள். அவர்கள் கேட்டது மூன்று: மரம் வேண்டும், அதைச் சுற்றி மண் வேண்டும், கடைகள் பழைய இடத்துக்கு வர வேண்டும்.

கப்பல் காத்திருக்காது. மாலைக்குள் ஒப்புக்கொண்டார்கள். ஒப்புக்கொண்ட பிறகுதான் தெரிந்தது, குழிகள் எங்கே இருந்தன என்று ஆபீசில் யாருக்கும் தெரியவில்லை. பழைய வரைபடம் காணோம். புதிய வரைபடத்தில் கல் மட்டும்தான். கல்லுக்கு அடியில் கண்ட இடத்தில் தோண்டினால் மின்கம்பி இருக்கிறது, குழாய் இருக்கிறது. என்னை மயானத்திலிருந்து கூப்பிட்டார்கள்.

கையில் ஒரு இரும்புக் கம்பியோடு கிழக்கு வாசலிலிருந்து நடந்தேன். இரண்டாவது கிடங்கின் தூண்: இங்கே ஒன்று. குழாயடியிலிருந்து நாலு எட்டு: இங்கே ஒன்று. மதில் உடைந்து காற்று வரும் இடத்தில் இரண்டு. மீன்காரம்மாக்கள் எனக்கு முன்னால் போய் நின்று காட்டினார்கள்: “இங்கதாம்மா நான் கூடை எறக்குவேன், என் தோள் இந்தப் பக்கம்தான் இடிக்கும்.” ஒரு இடத்தைக்கூட நாங்கள் தவறவிடவில்லை. நான் கம்பியால் தட்டிய இடத்தில் கல்லைப் பெயர்த்தால் கீழே அறுத்த அடிமரம் வட்டமாகத் தெரியும். கூட வந்த பொறியாளர்கள் செல்போனில் படம் எடுத்தார்கள். எனக்கு அழுகை வந்தது; அதை அவர்கள் மகிழ்ச்சி என்று நினைத்திருப்பார்கள். அது ஆத்திரம். இத்தனை பேர் உடம்பில் இருந்த வரைபடத்தை ஒரு மேஜைமேல்கூட யாரும் விரித்துப் பார்க்கவில்லையே என்ற ஆத்திரம்.

மாகறல் நாற்றங்காலில் இருந்து போத்துகள் வந்தன. சுற்றி ஆறடி மண் திறந்தோம். மரம் நடும் விழாவுக்கு நாள் குறித்தார்கள். பந்தல், மைக், பூக்கூடை. வரதராஜன் அப்போது பதவி உயர்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் இரண்டு கையும் கூப்பி, “உங்க உழைப்புதாம்மா இது,” என்றார். நான் பதில் வணக்கம் சொல்லவில்லை. பணிக்காலத்தில் நான் காட்டிய ஒரே அவமரியாதை அதுதான். அதற்காக வருத்தப்பட்டதில்லை.

எடைமேடைக்கு எதிரே ஒன்பதாம் குழியில் நட்டிருந்த போத்துக்கு வரதராஜன் முதல் தண்ணீர் ஊற்றுவதாக ஏற்பாடு. சரோஜா அங்கே காலையிலேயே அடுப்பைப் பற்ற வைத்திருந்தாள். பக்கத்தில் ஒரு ஸ்டூலில் முனுசாமி உட்கார்ந்திருந்தார், விழுந்த கையை மடியில் வைத்துக்கொண்டு. வரதராஜன் பித்தளைச் செம்பை வாங்கிக்கொண்டு குழியருகே நின்றார். படம் எடுப்பவர் கேமராவைக் கண்ணில் வைத்துப் பார்த்துவிட்டு இறக்கினார்.

“ஏம்மா, அடுப்பு படத்துல விழுது. கொஞ்சம் நவுரு.”

சரோஜா இட்லித் தட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“உன்னத்தாம்மா. சார் நிக்கறாரு இல்ல? நவுரு.”

அவள் தட்டைக் கீழே வைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டு குழியின் விளிம்பில், வரதராஜனுக்கு நேர் எதிரே வந்து நின்றாள்.

“நான் இன்னாத்துக்கு நவுரணும்? நாளைக்கு இதுக்குத் தண்ணி ஊத்தப் போறது நானு. அவரு போயிடுவாரு. அவர நவுரச் சொல்லு.”

யாரும் சிரிக்கவில்லை. வரதராஜன் செம்போடு சுற்றிப் பார்த்தார். லோடுமேன்கள் இருந்தார்கள், கூடைப் பெண்கள் இருந்தார்கள், நான் இருந்தேன். டீ வரவழைக்க அங்கே இடமில்லை. அவர் மெதுவாக ஒரு எட்டுப் பின்னால் வைத்தார். கால் புதிதாகத் திறந்த மண்ணில் புதைந்து, பளபளப்பான ஷூ முழுக்கச் சேறானது.

சரோஜா அவர் கையிலிருந்த செம்பை வாங்கி, ஊற்றினாள். தண்ணீர் உள்ளே இறங்கியது.